ஸ்லாஷ்னா ‘அல்லது’ இல்லை

திருமங்கலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வழக்கமாக வாசிக்கிற கிட்டார்காரருக்குக் காய்ச்சல் என்று மதுரையிலிருந்து என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் கொடுத்த கார்ட்ஸ் ஷீட்டில் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்) முதலில் சி, அடுத்து ஜி போட்டு ஒரு சாய்கோடு, அதான் ஸ்லாஷ், கோட்டுக்குப் பின்னால் பி, அப்புறம் ஏ மைனர். விண்ணப்பப் படிவத்தில் ஆண்/பெண் என்று இருக்குமே, அந்த மாதிரி ஜி அல்லது பி, எது தோதோ அதை அடிக்கலாம்போல என்று நினைத்து பி மேஜரைப் போட்டேன். கீபோர்டு அண்ணன் டி சுரத்தில் நிற்க, என் கார்டில் அதற்கு அரைச் சுரம் மேலே, டி ஷார்ப். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே!

இடைவேளையில், “தம்பி, அங்கிட்டு இல்லன்னா இங்கிட்டுன்னு அர்த்தமில்ல. கோட்டுக்கு முன்னாடி கார்டு, பின்னாடி பேஸ், அதான் அடியில ஒலிக்கிற சுரம்” என்றார்.

அவ்வளவுதான். பிடிப்பது ஜி மேஜரே, ஆனால் அடியில் பி ஒலிக்கணும்: ஐந்தாம் கம்பி, இரண்டாம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கிற கட்டம்), ஆறாம் கம்பியைத் தொடக் கூடாது. சி, பி, ஏ என்று பேஸ் படியிறங்குவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சி-யை ஸ என்று வைத்தால் ஸ நி த. வெறும் ஜி அடித்தால் நடுப்படி காணாமல் போகும்.

எண் போட்ட கார்டுகளும் இதே சுரக் கணக்குதான். மேல் ஸ 8 என்றால் மேல் ரி 9, ம 11, த 13. சி ஆட் 9 என்பது ஸ க ப-வோடு ரி மட்டும். வெறும் சி 9 என்றால் நடுவில் கைசிகி நிஷாதமும் (அரைச் சுரம் தாழ்ந்த நி), அதாவது பி ஃபிளாட்டும் உண்டு. சாதாரண சி-யைப் பிடித்து இரண்டாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் ஆட் 9. மூன்றாம் கம்பியிலும் அதே ஃப்ரெட்டை அழுத்தினால் சி 9. இதில் ப போய்விடுகிறது, ஆனால் காதுக்குக் குறையே தெரியாது. 13-க்குக் கணக்குப்படி ஏழு சுரம், நம்மிடம் ஆறு கம்பி, அதனால் எப்போதும் முதலில் ப-வைத்தான் கழற்றிவிடுவேன்.

பேஸ் கிட்டாருக்குத் தனி ஆள் இருந்தால் கோட்டுக்குப் பின்னால் இருப்பது அவர் பாடு. அன்றைக்குத் தனி ஆள் இல்லை, அண்ணனின் இடது கைதான் பேஸ். அதாவது, அவர் சரியாக பி-யைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு மேலேதான் நான் அந்த பி மேஜரை அடித்திருக்கிறேன்.