பறவை காட்டும் வேலைக்குப் பாஸ்போர்ட் எதற்கு?

சுற்றுச்சூழல் கல்வியில் வேலை தேடும் தம்பி தங்கைகள் சிலர், "எப்படிக்கா உள்ளே போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விண்ணப்பம், நேர்காணல் பற்றி ஏதாவது சூட்சுமம் சொல்வேன் என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் எப்படியோ நடந்துவிட்டது. என்னைப் படுத்தியெடுத்தவை இரண்டு: ஒரு காவல்துறைச் சான்று, ஓர் இரும்புக் கேட்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் போன்ற பெரிய இடம் இல்லை. ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் ஓராண்டு ஃபெல்லோஷிப். மாதம் 18,000 ரூபாய். அரசுப் பள்ளி, சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளைக் குளம், கடற்கரை, சரணாலயம் என்று வெளியே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கென்றே இப்படி நிறைய அறிவிப்புகள் வருகின்றன. எல்லாவற்றிலும் "தொடக்கநிலைப் பணி" என்று ஒரு வரி, அதற்குக் கீழேயே "இரண்டாண்டு கள அனுபவம் விரும்பத்தக்கது" என்று இன்னொரு வரி. அந்த அனுபவத்தைச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில்தான் தேட வேண்டும். சாப்பாட்டுச் செலவும் பஸ் காசும் நம்முடையது. வீட்டில் காசு இருப்பவர்களுக்கு மட்டும் அனுபவம் வாய்க்கிற ஏற்பாடு இது.

சென்னையில் இருந்தாலாவது கடலாமை முட்டைகளைக் காக்க மாணவர்களே 1988 முதல் ராத்திரியில் கடற்கரையோரம் நடத்திவரும் ஆமை நடை இருக்கிறது, போய்ச் சேர்ந்துகொள்ளலாம். நான் நாங்குநேரிப் பக்கம். ராத்திரி கடற்கரையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அம்மா, "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டிருப்பாள். என்னைக் கரையேற்றியது ஈபேர்ட், பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கிற இணையதளம். 2015இல் இருந்து தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கல்லூரிக் காலத்தில் சேர்ந்தேன். ஓர் இடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். செலவே இல்லை. அந்தப் பழக்கத்தில் ஊர்க் குளத்தையும் விடாமல் பதிந்துவந்தேன். தேதி, இடம், நின்ற நேரம் எல்லாம் அதிலேயே நிற்கும்.

அனுபவக் கடிதம் கேட்டு நான் அலைந்த ஓர் அலுவலகத்தில், "பறவை எண்ணினதுக்கெல்லாம் சீல் வைக்க முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நேர்காணலுக்கு ஈபேர்ட் பதிவுகளையே அச்செடுத்துக்கொண்டு போனேன். "ட்ரெக்கிங், கேம்ப் ஏதாவது போயிருக்கீங்களா?" என்று முதலில் கேட்டார்கள். எனக்கு முன்னால் போன பெண் இமயமலை வரை போய்வந்தவள். என்னிடம் ஒரே குளம்தான், ஆனால் வருஷம் முழுக்க. தாள்களைப் புரட்டிப் பார்த்தபின் கேள்விகள் மாறிவிட்டன. ஆகவே கடிதத்துக்கு அலையாதீர்கள், இன்றைக்கே பதியத் தொடங்குங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் தொடங்கிய பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உங்கள் பக்கம் ஏதாவது வகுப்பு நடந்தால் அதையும் விடாதீர்கள்.

தேர்வாகிவிட்டேன். மின்னஞ்சலில் ஆணை வந்தது. அதன் கடைசி வரி: "பணியில் சேரும் முன் பி.சி.சி. சமர்ப்பிக்கவும்." போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட், அதாவது காவல்துறைச் சான்று.

குழந்தைகளோடு பழகும் வேலைக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்பது சரியே. கேட்காத இடத்தில்தான் யோசிக்க வேண்டும். ஆனால் அந்த மூன்றெழுத்தை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனதும் கூத்து ஆரம்பித்தது. அங்கிருந்த அண்ணன் பாஸ்போர்ட் தளத்தைத் திறந்து, "பாஸ்போர்ட் நம்பர் சொல்லும்மா" என்றார். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. "அப்ப முதல்ல அதை எடு. 1,500 ரூபாய் ஃபீஸ். அப்புறம்தான் பி.சி.சி." மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி எங்கள் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற வரித்தலை வாத்துகூடப் பாஸ்போர்ட் இல்லாமல்தான் வருகிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிற எனக்கு வேண்டுமாம்!

நல்லவேளை, பணம் கட்டுமுன் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அக்காவுக்கும் எது என்று தெரியவில்லை. "எல்லாரும் பி.சி.சி.ன்னுதான் சொல்வாங்க" என்றார். விஷயம் இதுதான்: பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கும் சான்று வெளிநாட்டில் வேலைக்கோ குடியிருக்கவோ போகிறவர்களுக்கு. உள்ளூர் வேலைக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இருக்கும் சரிபார்ப்புச் சேவை போதும். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆணையில் இந்த வரியைப் பார்த்தால், எந்தச் சான்று என்று மின்னஞ்சலிலேயே கேட்டு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்தாயிற்று. ஆதாரில் ஊர் முகவரி, குடியிருப்பதோ வேலைக்காக வட மாவட்டத்தில் எடுத்த வாடகை அறை. இப்போதைய முகவரிக்கு வந்து விசாரிப்பார்கள் என்று தெரியும், காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஒருநாள் தளத்தில் பார்த்தால், அந்த முகவரியில் நான் வசிக்கவில்லை என்று அறிக்கை!

நான் வெளியே போயிருந்த நேரத்தில் காவலர் வந்திருக்கிறார். வீட்டுக்கார அம்மா, "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று கதவைச் சாத்தியிருக்கிறார். கேட்டதற்கு, "போலீஸ் வந்து பேரைச் சொல்லிக் கேட்டா நான் என்னம்மா நினைக்கிறது? உன்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்" என்றார். அன்பில் குறையில்லை. ஆனால் மறுபடியும் கட்டணம், மறுபடியும் வரிசை. சான்று வரும்வரை பணியில் சேர முடியாது, சேரும்வரை சம்பளமும் கிடையாது, அறை வாடகை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். கைக்காசு இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். நான் சித்தியிடம் கடன் வாங்கினேன்.

இரண்டாம் முறை நேராகக் காவல் நிலையத்துக்கே போய் ரைட்டரைப் பார்த்தேன்.

"என்னம்மா வேலை?"

"பிள்ளைங்களுக்குப் பறவை காட்டுற வேலை சார்."

"அதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்களா?"

"இன்னும் குடுக்கலை சார். நீங்க சரின்னு எழுதினாத்தான்."

சிரித்துவிட்டார். வீட்டுக்கார அம்மாவையும் போனில் பேசவைத்தேன். அதன்பின் சீக்கிரமே வந்துவிட்டது. விண்ணப்பிக்கும் அன்றே வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள். குடியிருப்பதற்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தால் வேறு அறை பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "சொந்த இருசக்கர வாகனம் அவசியம்" என்று எங்கள் அறிவிப்பிலும் இருந்தது. என்னிடம் இல்லை. பஸ்ஸில் போய்வந்தால் ஆகாதா என்று நேர்காணல் முடிவில் கேட்டேன், ஆகும் என்றார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்து விண்ணப்பிக்காமலே விட்ட தோழிகள் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அதில்தான். பைனாகுலரும் அப்படியே. சுமாரான 8x42 வாங்கவே பல ஆயிரம் ஆகும், நிறுவனத்தில் கேட்டால் தருவார்கள்.

இனி இரும்புக் கேட் கதை.

என் முதல் பொறுப்பு, ஒரு சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளைப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போவது. சிலர் சக்கர நாற்காலியில் வருவார்கள். தலைமையாசிரியர் கையொப்பம், பெற்றோர் ஒப்புதல், கல்வி அலுவலகக் கடிதம் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தன. அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில், பட்டியலைப் பார்த்த எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் பிள்ளைங்களை எதுக்கும்மா அங்க கூட்டிட்டுப் போறீங்க? கீழே விழுந்தா யாரு பொறுப்பு? பேசாம பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க."

பீச்சில் மணல். சக்கரம் புதைந்து நிற்கும். மெரினாவிலேயே மாற்றுத்திறனாளிகள் தண்ணீர் அருகே போக 263 மீட்டர் பாதை போட்டது 2022 நவம்பரில்தான். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப்போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டது ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவர் சான்று. மற்ற பள்ளிகளிடம் கேட்பதுண்டா என்றேன். "அவங்க நல்லா இருக்கிற பிள்ளைங்க." வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுமுறை போனபோது சட்டத்தைப் படித்துவிட்டுப் போனேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று சொல்கிறது: வனவிலங்குகளைப் பற்றிய படிப்பு, படமெடுத்தல், ஆராய்ச்சி, சுற்றுலா. போகிறவருக்குக் கால் நடமாட்டம் வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் ஒரு வரியில் சேர்த்து மனுவைத் திருத்தி எழுதியிருந்தேன். "மருத்துவர் சான்று வேணும்னா எந்த விதிப்படின்னு எழுத்துல குடுங்க சார், வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன். குரலை உயர்த்தவே இல்லை. அந்தச் சான்று பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. எழுத்தில் கேளுங்கள், அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகை எண் வாங்குங்கள். சண்டை போட்டு நான் ஜெயித்த இடம் எதுவும் இல்லை.

ஆனால் அனுமதி கிடைத்தால் போதாது, இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்தாக வேண்டும். வாசலில் மாடு நுழையாதபடி சுழல் கேட் வைத்திருந்தார்கள், அதில் சக்கர நாற்காலியும் நுழையாது. டேப்பை எடுத்து அளந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து வனக் காப்பாளர் ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஜீப் போற கேட்டு பின்னால இருக்கும்மா, நேரா கரைக்கே ஏறலாம்" என்றார். சரிவு எப்படி என்று போய்ப் பார்த்தேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சாய்தளம் என்பது நாட்டின் வழிகாட்டு நெறி. அது அவ்வளவு சாதுவாக இல்லை, ஆனால் வேன் ஏறிவிடும். அவர் வாய்வார்த்தையோடு விடாமல், "பின்வாசல் வழியாக வாகனம் செல்ல அனுமதிக்கப்படுகிறது" என்ற வரியை அனுமதிக் கடிதத்திலேயே சேர்க்கவைத்தேன். நாங்கள் போன அன்று பணியில் இருந்தது வேறு ஆள். சாவி இல்லை என்றார். கடிதத்தைக் காட்டினேன். சாவி வந்தது.

காட்சிக் கோபுரம் முழுக்கப் படிகள், அதைத் தொடவே இல்லை. முக்காலியைத் தாழ்த்தி, தொலைநோக்கியை நாற்காலி உயரத்துக்கு வைத்தோம். நத்தைக்குத்தி நாரையைப் பார்த்த ஒரு பெண், "மிஸ், அது வாயை மூடவே மாட்டேங்குது" என்று கத்தினாள். அலகு இரண்டும் நடுவில் சேராது என்று நான் பாடம் எடுக்குமுன் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

தீராதது கழிப்பறை. ஓர் அடி உயர வாசற்படி, குறுகலான கதவு, உள்ளே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்த பிள்ளைகள் இருந்தார்கள், ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. சாய்தளமும் கைப்பிடியும் கேட்டு மனு போட்டிருக்கிறேன், ஒப்புகை எண் இருக்கிறது, பதில் இல்லை. அடுத்த குழு டிசம்பரில் போகிறது. மடக்கிக் கொண்டுபோகிற கழிப்பறை நாற்காலியும் கூடாரமும் இரவலாகவோ வாடகைக்கோ தருகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். வேனில் இடம் இருக்கிறது, நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்.