பின்பக்கத்து அறை

எங்கள் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கிய மாணவிகளுக்கு ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' நாவலைப் பல வருடங்களாக நான்தான் எடுக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு 19வது அத்தியாயம். காலின்ஸ் பாதிரியார் கதாநாயகி எலிசபெத்தைப் பெண் கேட்கும் இடம். தான் எதற்காகக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குவார். அவள் முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும், நல்ல குடும்பத்துப் பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நம்பிக்கொண்டு நிற்பார். கடைசி பெஞ்சு வரை சிரிப்பு கேட்கும்.

மூன்று நாளுக்குள் அதே காலின்ஸ், எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகாஸிடம் போய்க் கேட்கிறார். அவள் சரி என்று சொல்லிவிடுகிறாள். அந்த 22வது அத்தியாயத்துக்கு வரும்போது போர்டின் நடுவே ஒரு கோடு போடுவேன். ஒரு பக்கம் எலிசபெத், காதல். இன்னொரு பக்கம் ஷார்லட், வசதி. பரீட்சைக்கு அது போதும். பெண்களும் அப்படியே எழுதி மார்க் வாங்குவார்கள்.

ஒரு வருடம் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "மேம், ஷார்லட் வேற என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டாள். எதிர்த்துப் பேசுகிற தொனி அதில் கொஞ்சமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்துவிட்டது.

அன்று இரவு அந்த அத்தியாயத்தை மறுபடியும் படித்தேன். எத்தனையோ தடவை படித்ததுதான். ஆனால் ஷார்லட் சம்மதம் சொன்ன பிறகு லூகாஸ் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நான் வகுப்பில் ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. அவள் அம்மா, எலிசபெத்தின் அப்பா பென்னெட் இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருப்பார் என்று கணக்குப் போடுகிறாள். அவர் காலமானால் லாங்போர்ன் வீடும் நிலமும் காலின்ஸுக்குத்தானே. தங்கைகளுக்கு, இனி ஒன்றிரண்டு வருடம் முன்னதாகவே விருந்து, நடனம் என்று நாலு பேர் மத்தியில் போகலாம் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அக்கா கல்யாணமாகாமலே கிழவியாகிச் செத்துப்போவாளோ என்று பயந்துகொண்டிருந்த தம்பிகளுக்கு அந்தப் பயம் தீர்கிறது. நாலைந்து வரிதான். ஒரு வீடே அவள் தலையில் உட்கார்ந்திருந்தது அந்த வரிகளில் தெரிகிறது. ஷார்லட்டுக்கு அப்போது 27 வயது.

மறுநாள் போர்டில் கோடு போடவில்லை. கணக்குப் போட்டேன். பென்னெட்டின் நிலத்திலிருந்து வருடத்துக்கு 2,000 பவுண்டு வருகிறது. ஆனால் ஐந்து பெண்களுக்கும் அதில் பங்கு கிடையாது. சொத்து ஆண் வாரிசுக்கு என்று எழுதி வைத்தாகிவிட்டது. எலிசபெத்துக்கு வரக்கூடியது மொத்தமே 1,000 பவுண்டு, நாலு சதவீத வட்டியில், அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. அதாவது வருடத்துக்கு 40 பவுண்டு. கதாநாயகன் டார்சியின் வருமானம் வருடத்துக்கு 10,000. வகுத்துப் பார்த்த ஒரு பெண் "250 மடங்கு மேம்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. லூகாஸ் வீட்டில் ஷார்லட்டுக்கு எடுத்துக் கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. அவள் போன்ற பெண்ணுக்கு வேறு வழி, யாராவது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவது. இல்லையென்றால் அண்ணன் தம்பி வீட்டில் ஒதுங்கி இருப்பது.

அதன் பிறகு பெண்கள் தாங்களாகவே பேச ஆரம்பித்தார்கள். "எங்க அக்காவுக்கு முடியாம எனக்குப் பாக்க மாட்டாங்க மேம், அவளுக்கு அது தெரியும்" என்றாள் ஒருத்தி. கேள்வி கேட்ட பெண் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வர்க்கம் பற்றிய பகுதி அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. டார்சியின் நண்பன் பிங்லியின் சகோதரிகள், எலிசபெத்தின் மாமா லண்டன் சீப்சைடு பக்கம் வியாபாரம் செய்பவர் என்று இளக்காரமாகப் பேசுவார்கள். அவர்கள் குடும்பத்துக்கே பணம் வியாபாரத்தில் வந்ததுதான். இதை நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை.

காதலைப் பற்றித்தான் ரொம்ப யோசித்தேன். ஷார்லட் செய்தது சரி என்று ஆஸ்டின் சொல்கிறாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கல்யாணத்தின் வலியை அவர் மறைப்பதே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் குடியிருக்கும் ஹன்ஸ்ஃபோர்டுக்கு எலிசபெத் விருந்தாளியாகப் போகிறாள். அங்கே காலின்ஸ் ஏதாவது வெட்கப்படும்படி பேசும்போது, ஷார்லட் பெரும்பாலும் காதில் விழாதது போல இருந்துவிடுவாள். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவரைத் தோட்டத்துக்கு அனுப்புவாள். சாப்பாட்டு அறை பெரியது, இன்னும் இனிமையானது. அதை விட்டுவிட்டு இவள் ஏன் பின்பக்கத்து அறையில் உட்கார்கிறாள் என்று எலிசபெத்துக்கு முதலில் புரியாது. அப்புறம்தான் புரியும். காலின்ஸின் அறை ரோட்டைப் பார்த்தது. போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பார். இவர்கள் உட்காரும் அறையும் அதே மாதிரி கலகலப்பாக இருந்தால் அடிக்கடி இங்கே வந்துவிடுவார். மனைவியின் கையில் இருக்கும் பணமும் பொருளும் கணவனுக்கே என்று சட்டம் இருந்த காலம் அது. இங்கிலாந்தில் 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஷார்லட் தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்டது அந்த ஒரு அறையை.

இன்னொன்றும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. டார்சி முதல்முறை தன் மனதைச் சொல்வதும், எலிசபெத் முடியாது என்பதும் எந்த வீட்டில்? ஷார்லட்டின் வீட்டில். மற்றவர்கள் எல்லாரும் டார்சியின் பெரியம்மா முறையான, காலின்ஸுக்கு வேலை கொடுத்த லேடி கேதரின் வீட்டுக்கு டீக்குப் போயிருந்த சாயங்காலம். உன் குடும்பம் என் தகுதிக்குக் கீழே என்று சொல்லிக்கொண்டே காதலைச் சொன்ன மனிதனை, வருடம் 10,000 பவுண்டை, கையில் ஒன்றும் இல்லாத ஒரு பெண் வேண்டாம் என்றாள். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலை நான் இன்றும் கொண்டாடுகிறேன். ஆனால் அவள் நின்று மறுத்த தரை, தோழி தன் ஆசைகளைக் குறைத்துக்கொண்டு வாங்கிய தரை. அந்த வீட்டுக்கு எலிசபெத் விருந்தாளியாக வராமல் இருந்திருந்தால் அந்தக் காதல் எப்படி வளர்ந்திருக்கும் என்று தெரியாது. போர்டில் நான் போட்டு வந்த கோட்டுக்கு நாவலில் இடமே இல்லை.

ஆஸ்டினுக்கு இரண்டு பக்கமும் தெரியும். 1802 டிசம்பரில், 27 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, வசதியான குடும்பத்து ஹாரிஸ் பிக்-விதர் அவரைக் கேட்டார். சாயங்காலம் சரி என்றார் ஆஸ்டின். மறுநாள் காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1809இல் அண்ணன் எட்வர்டு கொடுத்த சாட்டன் வீட்டில் அம்மாவோடும் அக்காவோடும் குடியேறினார். 1813இல் இந்த நாவல் வந்தபோது அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. பதிப்புரிமைக்குக் கிடைத்தது 110 பவுண்டு. எலிசபெத்தின் வட்டிக் கணக்கில் மூன்று வருடத்துக்குக் கூட வராது. இதைப் போர்டில் எழுதும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது.

இப்போதெல்லாம் ஹன்ஸ்ஃபோர்டு பகுதி வந்தால் அந்த வீட்டை வரையச் சொல்கிறேன். ரோட்டுப் பக்கம் காலின்ஸின் அறை, தோட்டம், பின்னால் ஷார்லட்டின் அறை. போன வருடம் ஒரு பெண் ஜன்னலெல்லாம் போட்டு அழகாக வரைந்திருந்தாள். பின்பக்கத்து அறைக் கதவின் உட்புறத்தில் பேனாவால் அழுத்தி ஒரு தாழ்ப்பாள்.

"புத்தகத்துல தாழ்ப்பாள் இல்லையேம்மா" என்றேன்.

"இருந்திருக்கும் மேம்" என்றாள்.