ராஷ்டிரபதி பவனை மறைத்த சரிவு

டெல்லியில் இந்தியா கேட்டிலிருந்து ரெய்சினா குன்றை நோக்கி நேராக நடந்து பாருங்கள். தூரத்தில் ராஷ்டிரபதி பவன் தெரியும். குன்றின் அடிவாரத்திலுள்ள விஜய் சௌக் வந்ததும் கட்டடம் மெல்ல அமிழ்ந்துபோய், குவிமாடத்தின் மேல்பகுதி மட்டும் மிஞ்சும். மேடு ஏறினால்தான் முழுசாகத் திரும்ப வரும்.

காரணம் சரிவு. சாலை சுமார் 22.5 அடிக்கு 1 அடி என்று ஏறுகிறது. மாளிகையோ மேட்டு விளிம்பிலிருந்து நன்றாகப் பின்தள்ளி நிற்கிறது. கீழே நிற்பவரின் பார்வையை அந்த விளிம்பே வெட்டிவிடுகிறது. இந்த மாளிகை ஆங்கிலேயர் காலத்தில் வைஸ்ராய்க்காகக் கட்டியது; முதல் திட்டத்தில் குன்றின் உச்சி அவருக்கு மட்டும்தான். கட்டடக்கலைஞர் பேக்கர் தான் வடிவமைத்த அரசுச் செயலகங்களையும் அதே மட்டத்துக்கு ஏற்றியதால் மாளிகை பின்னால் போனது. மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸும் 1913இல் இதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்தான்! விளைவு உறைத்தபின் சரிவைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டினார், நடக்கவில்லை. வரைபடத்தில் மட்டும் பார்த்து, நடப்பவனின் கண்மட்டத்திலிருந்து குறுக்குவெட்டு போட்டுப் பார்க்காவிட்டால் இதுதான் கதி.

மற்றபடி அதிகாரக் கணக்கில் பிசகே இல்லை. குடியிருப்புகளும் பதவி வரிசைப்படிதான்: பெரிய அதிகாரிக்கு மாளிகைக்கு அருகே பெரிய மனை, இந்திய எழுத்தருக்கு ஓரத்தில் சின்ன வீடு. குவிமாடத்தில் சாஞ்சி ஸ்தூபியின் சாயல் வேறு. (இந்தியக் கட்டடக்கலை மேல் லட்யன்ஸுக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை என்பது தனிக்கதை.)

இந்தப் புதிய தலைநகரை 1911இல் அறிவித்து 1931இல் திறந்தார்கள். ஆங்கிலேயர் அனுபவித்தது 16 வருஷம்.