குட்டி யானைக்கு ஒரு வலை: மூன்றாவது முயற்சி

நானே பின்னிய வலையை மச்சானின் டாடா ஏஸில், அதாவது குட்டி யானையில், சுமைக்கு மேல் கட்டிக்கொண்டு கிளம்பியவன், முப்பந்தல் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு காலி கிரேட்டும் அப்படியே இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை என்று எழுத ஆசைதான். மேலடுக்கில் கடைசியாக இருந்த இரண்டு மட்டும் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தன. ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய், எல்லாம் சேர்த்தும் ஐம்பது கிலோ தேறாத பிளாஸ்டிக் சுமை. இதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டும்?

வேண்டியிருந்தது. வள்ளியூரில் கிரேட்டை ஒப்படைக்க வேண்டிய கடை பூட்டிக் கிடந்தது. மச்சான் போன் போட்டுக் கேட்காமல் என்னை அனுப்பியிருக்கிறார். திட்டிக்கொண்டே அதே சுமையோடு நாகர்கோவில் திரும்பினேன். போகும்போது காற்று முதுகுப் பக்கம், வரும்போது நேர் எதிர். காற்றாலைகள் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டி நின்று சுற்றுவது போல இருந்தது. வீட்டு வாசலில் இறக்கி எண்ணினேன், இருபத்திரண்டு. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முந்தைய இரண்டு தோல்விகளையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வரை மச்சானின் டாடா ஏஸில் தார்ப்பாய்தான். கணவாய்க் காற்றில் தார்ப்பாய் என்பது பாய்மரம். எங்காவது ஒரு மூலையில் காற்று உள்ளே புகுந்ததும் பலூன் மாதிரி உப்பும், படபடவென்று அடிக்கும், அடித்து அடித்து வளையம் போட்ட ஓட்டையிலிருந்தே கிழியத் தொடங்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, காலி கிரேட் பறக்கும். தோவாளைக்குப் பக்கத்தில் ஒன்று பறந்து பின்னால் பைக்கில் வந்தவருக்கு முன்னால் விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பேசியதை எழுத முடியாது, பேசியது நியாயம்.

அப்புறம் கடையில் விற்கும் ரப்பர் வலை ஒன்று வாங்கினேன். இழுத்தால் நீளும், நான்கு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கி. நீள்வதுதான் அதன் குறையே. காற்று தூக்கினால் அதுவும் கூடவே நீண்டு கொடுக்கும். மாட்டும்போது ஒரு கொக்கி நழுவி என் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து பின்கதவில் 'டங்' என்று அடித்தது. கண்ணில் பட்டிருந்தால் என்ற யோசனையோடு அன்றைக்கே அதைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

இரண்டாவது, நானே பின்னியது. வெள்ளை பிளாஸ்டிக் கயிறு, மீன்வலை மாதிரி சாய்சதுரக் கண்கள். இதில் நான் வாங்கிய அடி எல்லாம் கணக்கில்தான். வேண்டிய அளவு 210 சென்டிமீட்டர் அகலம், 280 நீளம். ஏஸின் தொட்டி ஏறத்தாழ 220க்கு 149, பக்கப்பலகை 30. இரண்டு அடுக்கு கிரேட் ஏற்றினால் பலகைக்கு மேலே 30 நிற்கும், இருபுறமும் அந்த முப்பதைச் சேர்த்தால் அந்த அளவு வரும். ஒரு கண்ணை இழுத்துப் பிடித்தால் 20 சென்டிமீட்டர். ஆகவே 210ஐ 20ஆல் வகுத்துப் 11 கண், 280ஐ வகுத்து 14 கண் என்று பின்னி முடித்தேன். விரித்தால் 154க்கு 196! சாய்சதுரக் கண்ணை முழுதும் இழுத்தால் அது வெறும் கோடு. சதுரமாகத் திறந்து நிற்கும்போது இழுத்த நீளத்தில் 0.707 பங்குதான் கிடைக்கும், அதாவது 20க்கு 14. அகலத்தைப் பிடித்து இழுத்தால் நீளம் சுருங்கும், நீளத்தை இழுத்தால் அகலம் சுருங்கும். கடற்கரையில் பத்து வயசுப் பையனுக்குத் தெரிந்த விஷயம், எனக்கு மூன்று வார ஞாயிற்றுக்கிழமை செலவில் தெரிந்தது. அந்த வலையில் இப்போது பாகல்கொடி படர்ந்திருக்கிறது. நல்ல காய்ப்பு.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன். சாய்சதுரமே வேண்டாம், சதுரக் கண். அதற்கு ஒரு மூலையில் ஒற்றைக் கண்ணில் தொடங்கி ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு கண் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அகலம் வந்ததும் ஒரு ஓரத்தில் ஏற்றம், மறு ஓரத்தில் இறக்கம். நீளமும் வந்தபின் இரண்டு ஓரத்திலும் இறக்கம். கேட்க எளிது. ஆனால் வரிசைக்கு வரிசை வலையைத் திருப்பிப் போடுகிறோம், எந்த ஓரம் ஏற்றம், எது இறக்கம் என்று காப்பி குடித்துவிட்டு வந்தால் மறந்துபோகும். ஒருமுறை மாற்றிப் போட்டு வலை முழங்கை மாதிரி மடங்கிவிட்டது. நான்கு வரிசை பிரித்தேன். அதன் பிறகு ஏற்றும் ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிக்கொண்டேன். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

கண் எல்லாம் ஒரே அளவில் வரக் கயிற்றைச் சுற்றிப் பின்னும் பலகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் கண் வேண்டும் என்று பத்து சென்டிமீட்டர் பலகை வெட்டினால் தப்பு. கயிறு பலகையின் விளிம்பையும் சுற்றிக்கொண்டு வருவதால் பலகையின் கனமும் கண்ணோடு சேரும். என்னிடம் இருந்தது 12 மில்லிமீட்டர் பிளைவுட். 9 சென்டிமீட்டராக இழைத்ததும் கண் பத்துக்கு வந்தது.

இனி முடிச்சு. இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாதது இதுதான். மேல்கண்ணின் வழியாகக் கயிற்றை விட்டு, பலகையின் மேல்விளிம்பு வரை இழுத்து, இடது கட்டைவிரலால் அந்த இடத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம் கயிற்றை இடப்பக்கம் மேலே வளையமாக வீசி, கயிறு சுற்றிய ஊசியைக் கண்ணின் இரண்டு காலுக்கும் பின்னால் செலுத்தி, வீசிய வளையத்துக்குள் எடுத்துக் கீழே இழுக்க வேண்டும். மெல்லிய நூலில் இது கண்ணை மூடிக்கொண்டு வரும். 6 மில்லிமீட்டர் கயிற்றில் கட்டைவிரல் ஒரு நூல் அளவு நழுவினாலும் முடிச்சு கண்ணின் மேல் உட்காராமல் கீழே வழுகி விழுந்துவிடும். பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும். ஆனால் அது முடிச்சு இல்லை, ஓடும் சுருக்கு. இரண்டு விரலால் தள்ளினால் கயிற்றின் மேல் ரயில் மாதிரி நகரும். பாகல் பந்தலாகிப் போன வலையில் பாதி முடிச்சு இந்த ரகம்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

குளச்சலில் கயிறு வாங்கப் போன இடத்தில், கடைத் திண்ணையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம் இதைக் காட்டினேன். எழுபது தாண்டியவர். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மக்கா, நீ முடிச்சுப் போடுற. வலக்காரன் முடிச்சுப் போடமாட்டான். கண்ணியக் கடிக்க வைப்பான்."

"எப்படிக் கடிக்க வைக்கிறது பாட்டா?"

"இழுக்கயில கேளு. 'டக்'குனு ஒரு சத்தம் வரணும். வரலேன்னா அவுத்துரு."

அவ்வளவுதான் பாடம். கையைப் பிடித்து ஒருமுறை இழுத்துக் காட்டினார். கண்ணின் அடிவளைவு லேசாக மடங்கி முடிச்சுக்குள் போய் உட்காரும்போது உண்மையிலேயே ஒரு சின்ன 'டக்' விரலில் தெரிகிறது. தடித்த கயிறு என்பதால் பின்னால் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றும் போடச் சொன்னார். கயிறு அதிகம் பிடிக்கும், ஆனால் வழுக்காது.

பிளாஸ்டிக் கயிறு வேண்டாம் என்றதும் அவர்தான். வழவழப்பு, முடிச்சு நிற்காது, வெயிலில் ஒரு வருடத்தில் தூள் தூளாக உதிரும். மூன்று புரி நைலான், 6 மில்லி, 220 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினேன். அந்தக் கடையைப் பற்றி இரண்டு வரி எழுதத்தான் வேண்டும். எடை போட்டுத்தான் விற்கிறார்கள், மீட்டர் கேட்டால் முறைக்கிறார்கள், ஆனால் பழைய சரக்கைத் தலையில் கட்டுவதில்லை. தடித்த கயிற்றுக்கு ஊசி மட்டும் அங்கேயும் கிடைக்கவில்லை, இருப்பதெல்லாம் நூலுக்கானது. தச்சரிடம் ஒன்றரை அடியில் தேக்குச் சட்டத்தில் ஒன்று செதுக்கி வாங்கினேன். அதிலும் நான்கு மீட்டருக்கு மேல் சுற்ற முடியாது. நான்கு மீட்டருக்கு ஒருமுறை ஒட்டு.

அகலத்தில் 22 வரி, நீளத்தில் 29 வரி. பெருக்கினால் 638 முடிச்சு. முடிச்சு ஒன்றுக்குச் சுமார் அரைச் சாண் கயிறு போய்விடுகிறது. 220 மீட்டரில் கடைசியில் மிஞ்சியது எட்டு மீட்டர். பின்னி முடித்ததும் வாளியில் சுருட்டி வைத்து, இரண்டு பானை கொதிதண்ணீர் ஊற்றி ஆறவிட்டேன். முடிச்செல்லாம் இன்னும் ஒரு இறுக்கு இறுகின. வீட்டில் அந்தப் பானையைப் பற்றி இன்னும் பேச்சு ஓடுகிறது.

ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை. நைலான் முதல் பத்து கிலோமீட்டரில் நீண்டு கொடுத்து தொளதொளக்கும். தோவாளையில் நிறுத்தி மறுபடி இறுக்கினேன், அதற்கப்புறம் நின்றது. சாரலில் நனைந்தால் இன்னும் தளர்கிறது. இறுக்குவதற்கு லாரிக்காரர்கள் நடுக்கயிற்றில் சுருக்குப் போட்டு, நுனியைக் கொக்கியில் சுற்றி மேலே கொண்டுவந்து அந்தச் சுருக்குக்குள் விட்டு இழுப்பார்களே, அதற்கு ஈடாக எந்தப் பெல்ட்டும் இல்லை. மிச்சத் தொளதொளப்பை எடுக்க சைக்கிள் டியூபைக் கீறி நான்கு இடத்தில் கட்டினேன். அது சுமை தாங்க இல்லை, ஆட்டத்தைக் குடிக்க மட்டும்.

இன்னொன்று, சுமை உயரமாக இருந்தால்தான் வலை அமுக்குகிறது. கயிறு மேலிருந்து கொக்கிக்குச் செங்குத்தாக இறங்கினால் இழுப்பு முழுதும் அமுக்கமாகும். 30 டிகிரி சரிவில் கிடந்தால் பாதிதான். தொட்டிக்குள் தாழ்வாக நான்கு மூட்டை கிடந்தால் இந்த வலை சும்மா போர்வை மாதிரி மேலே கிடக்கும். மச்சான் இதைப் பார்த்துவிட்டு "அப்ப மோட்டாரையும் இதுக்குள்ளயே போட்டுரலாமே மாப்ள" என்றார். கூடவே கூடாது. பிரேக் போட்டால் எடையில் 80 சதவீதத்துக்கு ஈடான விசை முன்னால் தள்ளும், பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி என்று வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமை கட்டும் விதிமுறையே எழுதியிருக்கிறார்கள். 100 கிலோ மோட்டார் என்றால் முன்பக்கம் மட்டும் 80 கிலோவைத் தடுத்து நிறுத்த வேண்டும். அதற்குத் தனியாக பெல்ட், முன்பலகையோடு ஒட்டி முட்டுக்கட்டை. வலை பறப்பதைப் பிடிக்கும், உருள்வதைப் பிடிக்காது. பைப்பு, கம்பி ஏற்றி வெளியே நீட்டினாலும் வலை காப்பாற்றாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு நீட்டிய சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், வலையின் விலையில் எத்தனையோ மடங்கு.

அடுத்து, வலைக்கு அடியில் பச்சை நிழல்வலை ஒன்றைத் தைக்க நினைத்திருக்கிறேன். காற்றும் போகும், கீரைத்தழையும் பறக்காது. ஓரக் கயிற்றை 10 மில்லி பாலியஸ்டருக்கு மாற்ற வேண்டும், அது நைலான் அளவுக்கு நீளாது, நனைந்தாலும் தளராது. மச்சானின் கூட்டாளி பொலேரோ பிக்கப்புக்கு ஒன்று கேட்டிருக்கிறார். அதற்குக் கண் எண்ணிக்கை போட்டுவிட்டேன், கயிறு வாங்கவில்லை. இந்த வலைக்கே இன்னும் நான்கு மூலை வளையங்களில் இரண்டுக்கு நுனிப் புரிகளைப் பிரித்துக் கயிற்றோடு பின்னவில்லை, தற்காலிகமாக முடிந்து வைத்திருக்கிறேன்.

நேற்று குளச்சல் போய்ப் பாட்டாவிடம் விரித்துக் காட்டினேன். திண்ணையில் பரப்பி, ஒன்றும் பேசாமல் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் கை நின்றது. இரண்டு விரலால் தள்ளினார். முடிச்சு நகர்ந்தது.

"இதை அறுத்துக் கெட்டு" என்று ஊசியை நீட்டினார். மிச்சமிருந்த எட்டு மீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.