ஏழரை மணி அம்மா

ஏழரை என்றால் நம் பக்கம் சனி. எனக்கு அது ஐந்து வருடம் அம்மா.

மலேசியாவில் நான் இருக்கும் சுங்கை சிப்புட்டில் காலை ஏழரை அடிக்கும்போது முசிறிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மணி ஐந்து. அம்மா எழுந்ததும், வாசல் தெளிக்கப் போவதற்கு முன் போனை எடுத்து ஒரு பார்வை பார்ப்பாள். வாட்ஸ்அப்பில் அவள் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று வரும். நான் எதுவும் அனுப்ப மாட்டேன். அவளும் அனுப்ப மாட்டாள். அரை நிமிடத்தில் அது மறைந்துவிடும். சரி, எழுந்துவிட்டாள், முழங்கால் இன்றைக்குப் பரவாயில்லை போல என்று நினைத்துக்கொண்டு நான் தோசையைத் திருப்பப் போவேன். ஒரு வார்த்தை பேசாமல் இப்படி நலம் விசாரிக்கலாம் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் இங்கே வந்தது 2014இல். திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். அங்கிருந்து வடக்கே, ஈப்போவைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இந்த டவுன். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆற்றில் வாக்கப்பட்டவள் என்று அண்ணன் கிண்டல் செய்வான். ஊர்க்காரர்களைக் கேட்டால் மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த மண் என்பார்கள். 1948 ஜூன் 16இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, அதோடு மலாயாவில் அவசரகாலம் வந்த கதையும் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ரப்பர் பால்மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு, இவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு டவுனை ஒட்டிய தாமான் என்கிற குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். மாமியார், அதாவது அத்தை, முப்பது வருடம் பால் வெட்டியவர். இன்றும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். வெட்ட ஒரு மரமும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். 1982 சனவரி 1ஆம் தேதி இந்த நாட்டில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்களே, அதன் மேல் அவருக்கு இன்னும் கோபம். “அன்னையிலேருந்து காலையில இருட்டு அரை மணி கூடிப்போச்சு” என்பார். அதற்கு முன் இந்தியாவுக்கும் இங்கேயும் சரியாக இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம்.

வந்த புதிதில் என்னைத் தடுக்கியது மலாய் இல்லை, தமிழ்தான். காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறியாச்சா?” என்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். “ஏன்டி, அங்க எல்லாரும் பட்டினியாவா கெடக்குறீங்க?” என்றாள். ரிங்கிட்டுக்குப் பெயர் வெள்ளி. கீரைக்கட்டு இரண்டு வெள்ளி என்றதும் நகைக்கடை நினைப்பில் திடுக்கிட்டேன். இதையெல்லாம் பழகிக்கொள்ள ஆறு மாதம் போதும்.

பழகாதது ஞாயிற்றுக்கிழமை பேச்சு. அப்போது காலிங் கார்டு. சுரண்டி, நீள நீளமாக எண்களை அழுத்தி, நிமிடத்தை எண்ணிப் பேசவேண்டும். காசு கொடுத்துப் பேசும்போது யாரும் சண்டை போடுவதில்லை. சாப்பிட்டாயா, நல்லா இருக்கேன், மழை பெய்ததா. இரண்டு வருடம் அம்மாவும் நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, அண்ணன் அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான், கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதியும் வந்தது. அதற்கப்புறம்தான் அம்மா எனக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்தாள். திட்டும் புலம்பலும், “போனை வைடி” என்று அவளே வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் அவளே கூப்பிடுவதும்.

தமிழில் தட்டச்சு செய்ய அவளுக்கு வராது. குரலில்தான் அனுப்புவாள். குரல் மட்டுமா, வீடே வரும். குக்கர் விசில், காக்கை, துறையூர் பஸ் ஹாரன், மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர். கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினால் நான் எந்த அடுப்படியில் நிற்கிறேன் என்பதே குழம்பிப்போகும்.

அப்பாவா? “நல்லா இருக்கியா, மாப்பிள்ளை சௌக்கியமா, இந்தா அம்மாகிட்ட தரேன்.” ஏழு விநாடி. வெளிநாட்டில் மகள் இருக்கும் எல்லாத் தமிழ் அப்பாக்களும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்தவர்கள் போல. சட்டைப்பையில் ஒரு பட்டன் போன் வைத்திருப்பார். அம்மாவின் போனை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

2017இல் மகள் பிறந்தாள். அவளுக்கு இரண்டு பாட்டிகள்: வீட்டுப் பாட்டி, போன் பாட்டி. போன் பாட்டிதான் உயிர். கண்ணாடியில் எச்சில் வழிய முத்தம் கொடுப்பாள். இரண்டரை வயதில் முதன்முறையாக ஊருக்குத் தூக்கிப்போனோம். அம்மா வாசலில் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை அலறிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். இரண்டு நாள் கிட்டவே போகவில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்கு ஒரு யோசனை. பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் போனுக்கு வீடியோ கால் போட்டாள். “பாட்டீ!” என்று குதித்தது பிள்ளை. சுவருக்கு இந்தப் பக்கம் பேத்தி, அந்தப் பக்கம் பாட்டி, இருபது நிமிடம் கொஞ்சல். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். வெளியே வந்தபோது அவள் கண்ணைத் துடைத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

பி.எட். படிக்கும்போது ஹாரி ஹார்லோவின் குரங்குக் குட்டிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1950களில் அமெரிக்காவில் அவர் செய்த சோதனை. கம்பியால் ஒரு பொம்மைத் தாய், துணி சுற்றிய இன்னொரு பொம்மைத் தாய். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தாலும், குடித்த கையோடு குட்டிகள் துணித் தாயிடம் போய் ஒட்டிக்கொண்டன. தொடுவதுதான் பாசத்துக்கு அடிப்படை என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். தொடவே முடியாத பாட்டியிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளையை எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதுவது? அந்தப் பயணத்தில் ஏழாம் நாள்தான் அம்மாவின் மடியில் ஏறினாள். பத்தாம் நாள் கிளம்பிவிட்டோம்.

2021 மே. அங்கே தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு, இங்கேயும் நடமாட்டக் கட்டுப்பாடு. இந்தியாவிலிருந்து வருகிற விமானங்களை ஏப்ரல் கடைசியிலேயே மலேசியா நிறுத்திவிட்டிருந்தது. ஒரு ராத்திரி அம்மா நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாளாம், அவ்வளவுதான்.

வீடியோவில் பார்த்தேன். அண்ணன் மகன் போனைத் தண்ணீர் டிரம் மேல் சாய்த்து வைத்திருந்தான். கொஞ்ச நேரம் அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது. யாரோ தட்டிவிட்டு, முன் கேமரா மாறி, பத்து நிமிடம் அவன் தாடை தெரிந்தது. “அத்தை, மியூட் பண்ணிக்கங்க, நீங்க அழறது இங்க எதிரொலிக்குது” என்றான். சின்னப் பையன், சொன்னதில் தப்பில்லை. மியூட் செய்துகொண்டு அழுதேன். வாய்க்கரிசி போடும்போது அண்ணி ஒரு பிடி கூடுதலாக எடுத்து, “இது மலேசியாக்காரி போடுறது” என்று போட்டாள். நானும் இங்கே ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்திருந்தேன். கால் முடிந்து திரை இருண்ட பிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தை என் விரல்களைப் பிரித்து வாங்கி, கொல்லையில் காக்கைக்குப் போட்டுவிட்டு வந்தார். அப்புறம் பைப்படியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

அன்றைக்குத்தான் அவர் தன் பாட்டியின் சாவைப் பற்றிச் சொன்னார். அத்தைக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. அவருடைய அப்பா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. ஒரு நாள் கறுப்பு மை தடவிய கடிதம் வந்தது. தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை, படித்துச் சொன்னார். அங்கே கருமாதி முடிந்து மாதம் ஒன்று ஆகியிருந்தது. படித்த கையோடு கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, லயமே திரண்டு வந்து ஒப்பாரி வைத்ததாம். “காதுல விழுந்த நாள்தான் செத்த நாளு. அதுவரைக்கும் கெழவி எங்களுக்கு உசுரோடதான் இருந்தா” என்றார். பதினாறாம் நாள் இங்கேயே கருமக்கிரியை வைத்து, தாமான்காரர்களுக்குச் சாப்பாடு போட்டது அத்தைதான்.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஏதாவது ஒன்று காலியாக வேண்டும். கட்டில், கொடியில் ஒரு சேலை, சாப்பிட உட்காரும் இடம். இந்த வீட்டில் அம்மா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவள் இருந்த இடம் என் போன் ஒன்றுதான், அதில் அவள் அப்படியே இருந்தாள். அதே படம், என் கல்யாணத்தில் கட்டிய மாம்பழ நிறப் பட்டு. அதே குரல்கள், எத்தனை முறை அழுத்தினாலும் அதே குக்கர் விசில். இழந்தேன் என்று சொல்லக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரிந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஆறுதல் சொல்ல வந்தால், அவருக்கே என்னிடம் என்ன சொல்வதென்று தெரியாது. என் அம்மாவை அவர் பார்த்ததே என் உள்ளங்கையில்தான்.

ஒன்று காட்டலாம் என்றால் அந்த மைக் படம். குரல் செய்தி அனுப்பினால், எதிராளி கேட்டதும் பக்கத்தில் உள்ள மைக் நீலமாகும். கேட்காதவரை சாம்பல் நிறம். அம்மா இறந்த ராத்திரி நான் கடைசியாக அனுப்பியது பதினான்கு விநாடி. “அம்மா, அடுப்புல கருவாடு கெடக்கு, தீய்ஞ்சுடும், காலையில பேசுறேன்.” அது சாம்பலாகவே நின்றது.

பதினாறு முடிந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆன்லைனில் வந்தாள். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணிதான், கேஸ் புக் பண்ண. இணைப்பு அம்மா பெயரில், பதிவு செய்த எண்ணும் அம்மாவுடையது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கிற எண்கூட அந்தப் போனுக்குத்தான் வரும். என்ன பேசினேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, அண்ணியை அப்படித் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம்பரை மாத்திடட்டுமா?” என்றாள். மாற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த சிம்மை அவர்கள் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தது கேஸுக்காகத்தான். 120 நாள் யாரும் தொடாமல் விட்டால் வாட்ஸ்அப் கணக்கையே அழித்துவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சிலிண்டர்தான் அம்மாவைக் காப்பாற்றியது!

ஆகஸ்ட்டில் ஒரு நாள் அந்த மைக் நீலமாயிருந்தது. யாரோ கருவாட்டுச் செய்தியைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணி கேட்கிற ஆள் இல்லை. அண்ணனிடம் விசாரிக்கவும் மனம் வரவில்லை.

2022 ஏப்ரல் 1இல் மலேசியா எல்லையைத் திறந்தது. மே மாதம் ஊருக்குப் போனேன். அங்கே எல்லாம் காலியாக இருந்தது. அழவேண்டிய இடமெல்லாம் வரிசையாக இருந்தது, அழுது தீர்த்தேன். மூன்றாம் நாள் இருட்டுகிற நேரம் திண்ணையிலிருந்து என் குரல் கேட்டது. நான் உள்ளே இருக்கிறேன், திண்ணையில் நான் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டிப் பார்த்தேன். அப்பா அம்மாவின் போனைப் பழைய டிரான்சிஸ்டரைப் போலக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் எதில் படுகிறதோ அதைக் கேட்பார். அம்மாவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று, மறுபடி அம்மாவுடையது. நாங்கள் இருவரும் ஐந்து வருடம் பேசியதையெல்லாம் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நாங்கள் குறைசொன்னதும் அதில் நிறைய உண்டு.

என்னைப் பார்த்ததும் போனை மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

“அன்னிக்குக் கருவாடு தீய்ஞ்சிருச்சா?”

“இல்லப்பா. எறக்கிட்டேன்.”

“ம்” என்றார்.

திரும்பி வந்த பிறகு ஏழரைக்கு மறுபடியும் அம்மா ஆன்லைன். அப்பாவும் ஐந்து மணிக்கு எழுகிறவர்தான், ஏனோ எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. முதலில் மூன்று விநாடி, நாலு விநாடி என்று வெறும் குரல் செய்திகள் வந்தன. எதிலும் பேச்சு இல்லை, விரல் பட்டு அழுந்தியிருக்கும். நான் அவற்றையும் கேட்டு, மைக்கை நீலமாக்கி வைத்தேன். மகள் இப்போது மகாத்மா காந்தி கலாசாலை என்கிற தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள், ஏழரைக்கு வீட்டில் நானும் அத்தையும் மின்னல் எஃப்எம்மும் மட்டும். ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்பேன். அத்தையும் காதைத் தீட்டிக்கொள்வார்.

நேற்று வந்தது பதினொரு விநாடி. நாலு விநாடி காக்கை. அப்புறம் தொண்டையைச் செருமினார். “கேஸ் வந்துருச்சும்மா” என்றார்.