பத்து பேட்டரிய கொளுத்துன மருமகன்

நேத்து எட்டாவது படிக்கிற அக்கா பையனுக்கு கரண்ட் பாடம் சொல்லித்தர உக்காந்தேன். ரெண்டு பல்ப வரிசையா மாட்டுனா ரெண்டாவது தான் மங்கலா எரியும், மொத பல்பே பாதி கரண்ட தின்னுடும்ல மாமான்றான். எவ்ளோ படம் போட்டும் மண்டையில ஏறல. சரினு ஃபெட் (PhET) சிமுலேஷன, அதான் ஸ்கிரீன்லயே பேட்டரி, வயர், பல்ப் எல்லாம் மாட்டிப் பாக்குறத, ஓபன் பண்ணி லேப்டாப்ப அவன்கிட்டயே குடுத்துட்டேன் (2001ல பிசிக்ஸ் நோபல் வாங்குன கார்ல் வீமன் 2002ல கொலராடோ யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, ஃப்ரீ தான்). அதுல வயருக்குள்ள எலக்ட்ரான் எல்லாம் நீலப் புள்ளியா ஊர்ந்து போறது தெரியும், மொத பல்புக்கு முன்னாடியும் சரி பின்னாடியும் சரி ஒரே வேகம், ரெண்டு பல்பும் ஒரே மாதிரி மங்கல். பயபுள்ள வாயப் பொளந்து பாத்தான்.

அப்புறம் என்ன நெனச்சானோ, பேட்டரியோட ரெண்டு முனையையும் வெறும் வயரால சேத்துட்டான், ஸ்கிரீன்ல தீப்பிடிச்சிருச்சு 😂 அவ்ளோதான், பத்து பேட்டரிய கொளுத்திட்டு தான் எந்திரிச்சான், ஷார்ட் சர்க்யூட்னா என்னன்னு நான் வாயே தொறக்கல.

ஆனா வயர் லூஸா இருந்தா பல்ப் மினுக்கும்ங்கிறதெல்லாம் கையால மாட்டிப் பாத்தா தான் வரும். ஞாயித்துக்கெழம பழைய டார்ச்ச கழட்டப்போறோம், அக்காகிட்ட யாரும் சொல்லிடாதீங்க.