மொறிஸ் மைனருக்குச் சின்னச் சாமான் தேடும்போது

கழற்றிய பழைய சாமான் எதையும் எறிய வேண்டாம். உடைந்த வாஷர், தேய்ந்த திருகாணி, வெடித்த றப்பர் என்று எல்லாவற்றையும் சிறு பைகளில் போட்டு, எங்கிருந்து கழன்றது என்று எழுதி வையுங்கள். 1098 சிசி எஞ்சின் பூட்டிய மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்றை யாழ்ப்பாணத்தில் அடியோடு கழற்றிப் பூட்டியதில் தகர வேலையும் பெயின்ற்றும் நினைத்த நாளில் முடிந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்களில்தான் வேலை இழுபட்டது. பார்வைக்கு அச்சொட்டாக இருந்தும் அளவில் பிழைத்த சாமான்களே அதற்குக் காரணம். அந்த வேலையில் தெரியவந்தவற்றை, இதே வண்டியில் கை வைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் வண்டி எது என்று தீர்மானிக்க வேண்டும். பொனட்டைத் திறந்தால் பின்சுவரில் ஒரு தட்டு இருக்கும். அதில் எம்ஏ2எஸ்5 என்று தொடங்கினால் இரண்டு கதவுச் சலூன், ஐந்தாம் தொடர், அதாவது 1962இல் வந்த 1098 சிசி வண்டி. அந்த 5இன் இடத்தில் 3 இருந்தால் அதற்கு முந்திய 948 சிசி. எஞ்சின் இலக்கம் தனி. அது புளொக்கின் வலது பக்கம், டைனமோ பூட்டும் இடத்துக்கு மேலே உள்ள சிறு தட்டில் இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098.

இரண்டையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் அறுபது வருடம் ஓடிய வண்டியில் பிறந்த எஞ்சின் இருக்குமென்று நம்ப முடியாது. தட்டு 948 என்று சொல்லும், உள்ளே 1098 உட்கார்ந்திருக்கும். ஆகவே எஞ்சின் சாமானை எஞ்சின் இலக்கத்தைக் கொண்டு கேளுங்கள். பிறேக் சாமானுக்கு இரண்டையும் நம்பாமல் முன் டிரம்மை அளவுங்கள். 1098 வண்டிக்கு முன்னால் 8 அங்குல டிரம், அதற்கு முந்தியதற்கு 7 அங்குலம். பின்னால் எல்லாவற்றுக்கும் 7.

அடுத்தது புரி. கடையில் அள்ளிப் போட்டு விற்கும் நட்டும் போல்ட்டும் மெற்றிக். மைனர் 1000இன் எஞ்சினிலும் உடலிலும் பெரும்பாலும் யுஎன்எஃப் என்ற நுண்ணிய அங்குலப் புரி, சில இடங்களில் யுஎன்சி என்ற பரும்படியான அங்குலப் புரி. கால் அங்குல யுஎன்எஃப்பில் ஓர் அங்குலத்துக்கு 28 புரி. 5/16இலும் 3/8இலும் 24. எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மில்லிமீற்றர், 5/16 அங்குலம் 7.94. விரலுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் எம் 8இன் புரி 1.25 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்துக்கு 20 அளவில். 24 புரித் துளைக்குள் அது இரண்டு சுற்றுப் போய் இறுகும். துரு என்று நினைத்து ஸ்பானரைப் போட்டு இழுத்தால் துளையின் புரி போய்விடும். கையால் நான்கு சுற்றுப் போகாத போல்ட்டை ஸ்பானரால் தொடக்கூடாது என்பதை வேலை செய்யும் பொடியனுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். புரியை அளக்கும் பிச் கேஜ் ஒன்றும் விட்டத்தை அளக்கும் வேர்ணியர் ஒன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

காபுரேற்றரிலும் லூக்காஸ் மின் சாமான்களிலும் உள்ள சிறு திருகாணிகள் இன்னொரு சாதி. அவை பிஏ என்ற பழைய பிரித்தானியச் சிறுபுரி. 2பிஏ 4.7 மில்லிமீற்றர் விட்டம், 0.81 மில்லிமீற்றர் புரி. எம் 5இன் புரி 0.8 என்பதால் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிடித்தால் பல்லுக்குப் பல் பொருந்தும், விட்டம்தான் கூட. அலுமினியத்துக்குள் அதைத் திணித்தால் காபுரேற்றர் உடல் வெடிக்கலாம். 

பிறேக் குழாயில் உயிரே தங்கியிருக்கிறது. மைனரின் பிறேக் குழாய் 3/16 அங்குலம், அதன் நட் 3/8 அங்குல 24 புரி. இங்கே ஓடும் ஜப்பான் வண்டிகளின் குழாய் நட் எம் 10, ஒரு மில்லிமீற்றர் புரி, அதாவது அங்குலத்துக்கு 25.4. விட்டம் 9.5க்கும் 10க்கும் இடையில் அரை மில்லிமீற்றர்தான். ஜப்பான் நட்டை மைனரின் சிலிண்டரில் பூட்டப் போனால் வாயிலேயே மறுக்கும், பலத்தைக் காட்டினால் வார்ப்பிரும்புப் புரியைத் தின்னும். அதாவது உடனே தெரிந்துவிடும். மறுபக்கம்தான் பொல்லாதது. மைனரின் நட்டை ஜப்பான் மூவழி இணைப்பில் போட்டால் சுகமாக உள்ளே போகும், இறுகியது போலவும் இருக்கும். இரண்டு மூன்று புரியின் நுனிதான் பிடித்திருக்கும். சாதாரணமாக மிதிக்கும்போது ஒன்றும் தெரியாது. அவசரத்துக்கு முழுப் பலத்தோடு மிதிக்கிற நாளில் கழன்று போகும். பழைய வண்டியில் யாரோ மாற்றிய மூவழி இருந்தால் அதைக் கழற்றி அளந்து பார்க்காமல் வண்டியை வீதிக்கு எடுக்க வேண்டாம்.

குழாய் நுனியின் வாயையும் பாருங்கள். வெளிப்புரி நட் வரும் நுனிக்கு ஒற்றை மடிப்பு, உள்புரி நட் வரும் நுனிக்கு இரட்டை மடிப்பு. குழாய் அடித்துத் தருகிறவரிடம் பழைய குழாயை முழுதாகக் கொடுங்கள். நீளத்தை மட்டும் சொல்லி அனுப்பினால் ஜப்பான் மடிப்போடுதான் வரும். செப்பு வாஷர் கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெதுமையாகி மறுபடி பயன்படும். பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் உதவாது.

மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டை வெளியே இழுக்க முன்சில்லின் முறுக்குத் தண்டு இடைஞ்சல் தரும். இரண்டு தரம் கழற்றுகிற இடமல்ல. ஆகவே றப்பர் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பொறித்த அளவையும் பார்த்த பிறகே தொடங்குங்கள். முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிண்டர், மொத்தம் நான்கு என்பதை மறந்து இரண்டு தொகுதியோடு வருகிறவர்கள் உண்டு. கழுவுவதற்குப் பெற்றோலும் வேண்டாம், எஞ்சின் ஒயிலும் வேண்டாம். இரண்டும் பிறேக் றப்பரை ஊதவைக்கும். பிறேக் ஒயிலிலேயே கழுவுங்கள்.

முன்சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டு மேலும் கீழும் டிரன்னியன் எனப்படும் உள்புரியுள்ள தாங்கிகளில் திரும்புகிறது. வலது பக்கப் புரியும் இடது பக்கப் புரியும் ஒன்றுக்கொன்று எதிர். பொதியின் மேலே எழுதியிருப்பதை நம்பாமல் பழையதோடு பிடித்துப் பாருங்கள். இந்த இடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கிறீஸ் நிப்பிள். கால் அங்குல 28 புரித் துளையில் எம் 6 நிப்பிளைப் போட்டால் 6.35க்குள் 6 மில்லிமீற்றர் ஆடும். துணிநூல் சுற்றி நிறுத்தியிருப்பார்கள். கிறீஸ் துப்பாக்கியை வைத்ததும் கிறீஸ் பக்கத்தால் வழியும், உள்ளே போகாது. காய்ந்த புரி தேய்ந்து, ஒருநாள் தண்டு டிரன்னியனை விட்டுக் கழர, சில்லு வண்டிக்கு அடியில் மடங்கும். பாரம் கீழ் டிரன்னியனில் என்பதால் அதை முதலில் பாருங்கள். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடித்தால் நீண்டகாலம் நிற்கும்.

மின் சாமானில் மூன்று இடம் கவனிக்க வேண்டியவை. லூக்காஸின் 35 அம்பியர் கண்ணாடி ஃபியூஸ் 35இல் எரியும், தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17.5. இப்போது கடையில் தருகிற 35 அம்பியர் ஃபியூஸ் 35ஐத் தொடர்ந்து தாங்கும், ஆகவே ஃபியூஸ் எரிவதற்கு முன் வயர் எரியும். 15 அம்பியர் போடுங்கள். அடுத்தது கொயில். மைனருக்கு வெளியே தனித் தடை (பலாஸ்ற்) வேண்டாத 12 வோல்ற் கொயில், சுருளின் தடை 3 ஓம் அளவில் இருக்கும். 1.5 ஓம் கொயிலைப் போட்டால் வண்டி நன்றாகத்தான் பற்றும், சில நாளில் டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் பொயின்ற் கருகும். கடையில் மீற்றர் வைத்து அளந்து வாங்குங்கள். மைனரில் பற்றரியின் நேர்முனை உடலோடு என்பதால் கொயிலின் கூட்டல் குறி டிஸ்ரிபியூற்றர் பக்கம் வர வேண்டும். (யாராவது முனையை மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பற்றரியைப் பாருங்கள்.) மூன்றாவது, டிஸ்ரிபியூற்றருக்குள் சுழலும் றோட்டர். மலிவான கறுப்பு றோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் தறை நீளமாக இருந்து, சூடேறியதும் நெருப்பு தண்டுக்குள் பாயும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணையும், எல்லாரும் காபுரேற்றரைக் கழற்றுவார்கள். தறையில்லாத சிவப்பு றோட்டர் கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள். பொயின்ற் இடைவெளி 15 தவு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு.

எஸ்யு காபுரேற்றரில் ஊசியின் எழுத்து அதன் தடித்த பக்கத்தில் பொறித்திருக்கும். 1098க்கு ஏஎன், 948க்கு எம். ஊசியின் தோள் பிஸ்ரனின் முகத்தோடு மட்டமாக நிற்க வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டியென்றால் எழுத்து சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம், ஊசியையும் ஜெற்றையும் சோடியாக மாற்றுங்கள். பழைய எச்2 வகையில் ஜெற்றைச் சுற்றித் தக்கை வளையங்கள் உண்டு. காய்ந்து சுருங்கியிருக்கும். பூட்டுவதற்கு முன் ஒயிலில் ஊறப் போடுங்கள்.

வாகன உதிரிச் சாமான் கடைகள் உள்ள கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கேட்கும்போது மைனர் என்று மட்டும் சொல்லாமல் ஒஸ்ரின் ஏ35, ஏ40 ஃபரினா, எம்ஜி மிட்ஜெற், மினி என்றும் சொல்லிப் பாருங்கள். எல்லாம் ஏ தொடர் எஞ்சின்தான், பல சாமான் பொது. இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தால் பழைய இலக்கத்துக்கு இல்லையென்று பதில் வரலாம். பின்னாளில் பல சாமான்களுக்கு ஜி எழுத்தில் தொடங்கும் இலக்கம் வந்தது. றோட்டருக்கு ஜிஆர்ஏ, சில்லுச் சிலிண்டருக்கு ஜிடபிள்யூசி, தண்ணீர்ப் பம்புக்கு ஜிடபிள்யூபி. அப்படிக் கேட்டால் அதே சாமான் இருக்கும். ஓடர் அனுப்பும்போது பழைய சாமானை அளவுகோலோடு வைத்துப் படம் எடுத்து, புரி அளவையும் எழுதி அனுப்புங்கள்.

வண்டி 500 மைல் ஓடி, ஒழுக்கும் சூடும் பார்த்து முடியும்வரை அந்தப் பழைய சாமான் பைகள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.